பாடம்: பழைய காருக்கு மாற்று ஒட்சிசன் உணரியைத் தெரிவு செய்தல்

(க.பொ.த. உயர்தரம் – பொறியியற் தொழினுட்பவியல் மாணவர்களுக்கானது. இரசாயனவியல் மாணவர்களுக்கும் பயன்படும்.)

இப்பாடத்தைக் கற்ற பின்னர் உங்களால்,

1. ஒட்சிசன் உணரியின் தொழிற்பாட்டை மின்னிரசாயனக் கலத்தின் அடிப்படையில் விளக்க முடியும்.
2. உணரி பழுதா, வேறு பாகம் பழுதா என்பதைச் சோதனை மூலம் தீர்மானிக்க முடியும்.
3. மாற்று உணரியை ஒழுங்குமுறைப்படி தெரிவு செய்யவும் அத்தெரிவுக்குக் காரணம் கூறவும் முடியும்.

அறிமுகம்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் பழைய கார் என்றதும் பலருக்கும் மொறிஸ் மைனரும் ஒஸ்ரின் கேம்பிறிட்சுமே நினைவுக்கு வரும். 1990 ஆம் ஆண்டின் பின்னர் பெற்றோல் கிடைக்காத காலத்தில் இக்கார்களிற் பல மண்ணெண்ணெயில் ஓடின. சில துளி பெற்றோலைக் கொண்டு எஞ்சினை இயக்கி, அது சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓட்டினார்கள். இவற்றில் ஒட்சிசன் உணரி கிடையாது. வளியையும் எரிபொருளையும் கலப்பது காபுரேற்றர். கலவை கூடிக் குறைந்தால் திருகாணியைத் திருப்பிச் சரி செய்பவர் மனிதர். எஞ்சின் எழுப்பும் ஓசையும் புகையின் நிறமுமே அவருக்கு அளவுகோல்.

இன்று காங்கேசன்துறை வீதியில் ஓடும் ‘பழைய கார்’ வேறு வகையைச் சேர்ந்தது. 1990களிலும் 2000களின் தொடக்கத்திலும் ஜப்பானில் தயாரிக்கப்பட்ட, எரிபொருள் உட்செலுத்தி கொண்ட கார்களே இப்போது பழையவை. 2020 மார்ச் மாதத்தில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் வழி திறந்தது. இந்த ஐந்து ஆண்டுகளில் இருபது, முப்பது வயதுக் கார்களைத் திருத்தித் திருத்தியே பலர் ஓட்டினார்கள். 2022 ஆம் ஆண்டு எரிபொருள் பங்கீட்டின் தொடக்கத்தில் ஒரு காருக்கு வாரத்துக்கு 20 லீற்றரே வழங்கப்பட்டது. அவ்வேளையில் ஒரு லீற்றர் வீணாவதன் பொருள் எல்லா வீட்டுக்கும் விளங்கியது.

இக்கார்களில் எரிபொருள் வீணாவதற்குரிய காரணங்களுள் ஒன்று, வெளியகற்றற் குழாயில் விரலளவில் பொருத்தப்பட்டுள்ள ஓர் உணரி. அதனைத் தெரிந்து வாங்குவதே இப்பாடத்தின் பொருள்.

1. உணரி ஏன் தேவைப்படுகின்றது?

பெற்றோல் முற்றாக எரிவதற்குத் தேவையான வளியின் திணிவுக்கும் பெற்றோலின் திணிவுக்கும் உள்ள விகிதம் ஏறத்தாழ 14.7 : 1 ஆகும். இது பீசமான விகிதம் எனப்படும். உண்மையான விகிதத்தைப் பீசமான விகிதத்தால் வகுத்தால் இலம்டா என்னும் எண் கிடைக்கும்.

• இலம்டா 1 இலும் குறைவு – எரிபொருள் கூடிய செறிந்த கலவை.
• இலம்டா 1 இலும் கூடுதல் – வளி கூடிய ஐதான கலவை.

கணிப்பு 1: பெற்றோலை ஒக்டேன் எனக் கருதுக. ஒரு மூல் ஒக்டேன் (114 கிராம்) எரிய 12.5 மூல் ஒட்சிசன் (400 கிராம்) தேவை. வளியின் திணிவில் 23.2 சதவீதம் ஒட்சிசன்.

தேவையான வளி = 400 ÷ 0.232 = 1724 கிராம்
விகிதம் = 1724 ÷ 114 = 15.1

கிடைத்த விடை 14.7 அன்று, 15.1 ஆகும். பெற்றோல் தனி ஒக்டேன் அல்லாது பல ஐதரோக்காபன்களின் கலவையாக இருப்பதே வேறுபாட்டுக்குக் காரணம். பரீட்சையில் இக்காரணத்தையும் எழுதுதல் வேண்டும்.

மூவழி ஊக்கி மாற்றியானது காபனோரொட்சைட்டையும் எரியாத ஐதரோக்காபன்களையும் ஒட்சியேற்றுகின்றது. நைதரசன் ஒட்சைட்டுகளைத் தாழ்த்துகின்றது. ஒட்சியேற்றலுக்கு ஒட்சிசன் வேண்டும். தாழ்த்தலுக்கு ஒட்சிசன் கூடுதலாக இருத்தலாகாது. இரண்டும் ஒருங்கே நடைபெற, கலவை இலம்டா 1 ஐ ஒட்டியே இருத்தல் வேண்டும். எந்த மனிதராலும் திருகாணி கொண்டு கணத்துக்குக் கணம் இதனைப் பேண முடியாது. ஆகவே வெளியேறும் வாயுவைப் பார்த்துக் கட்டுப்பாட்டு அலகுக்குச் செய்தி சொல்ல ஓர் உணரி தேவைப்படுகின்றது. பொஷ் நிறுவனம் உருவாக்கிய இவ்வுணரி 1976 ஆம் ஆண்டில் வொல்வோ கார்களில் முதன்முதலாகப் பயன்பாட்டுக்கு வந்தது.

2. உணரி தொழிற்படும் விதம்

உணரியின் உள்ளே விரலுறை வடிவிலான ஒரு மட்பாண்டப் பகுதி உண்டு. அது இத்திரியம் ஒட்சைட்டுச் சேர்க்கப்பட்ட சிர்க்கோனியம் ஈரொட்சைட்டினால் ஆனது. அதன் இரு பக்கங்களிலும் மெல்லிய பிளாற்றின மின்வாய்கள் பூசப்பட்டுள்ளன. உட்பக்கம் வெளிவளியையும், வெளிப்பக்கம் வெளியேற்று வாயுவையும் தொட்டு நிற்கும். ஏறத்தாழ 300 பாகை செல்சியசுக்கு மேல் இம்மட்பாண்டம் ஒட்சைட்டு அயன்களைத் தன்னூடே செல்லவிடும். அதாவது, அது ஒரு திண்ம மின்பகுபொருளாகின்றது. இரு பக்கத்து ஒட்சிசன் அமுக்கங்களும் வேறுபடுவதால் மின்வாய்களுக்கிடையே வோல்ற்றளவு தோன்றும்.

இக்கலத்துக்குரிய சமன்பாட்டைத் தந்தவர் ஜெர்மானிய விஞ்ஞானி வால்தர் நேர்ண்சு (1864–1941). 1920 ஆம் ஆண்டின் இரசாயனவியல் நோபல் பரிசு அவருக்கே வழங்கப்பட்டது. சிர்க்கோனியாவுடன் இத்திரியம் ஒட்சைட்டைச் சேர்த்து மின்விளக்கு செய்தவரும் அவரே. விளக்கில் ஒளிர்ந்த அதே வகை மட்பாண்டம்தான் முக்கால் நூற்றாண்டின் பின் காரின் புகைக்குழாயில் ஏறியது.

வோல்ற்றளவு = (வாயு மாறிலி × தனி வெப்பநிலை) ÷ (4 × பரடே மாறிலி) × வளியினதும் வெளியேற்று வாயுவினதும் ஒட்சிசன் அமுக்க விகிதத்தின் இயற்கை மடக்கை

பகுதியில் 4 வருவது ஏன்? ஓர் ஒட்சிசன் மூலக்கூறு இரு ஒட்சைட்டு அயன்களாக மாற நான்கு இலத்திரன்களைப் பெறுவதனாலாகும்.

கணிப்பு 2: உணரியின் வெப்பநிலை 1000 கெல்வின் எனவும் வளியில் ஒட்சிசன் பகுதியமுக்கம் 0.21 வளிமண்டலம் எனவும் கொள்க.

மடக்கைக்கு முன்னுள்ள குணகம் = (8.314 × 1000) ÷ (4 × 96 485) = 0.0215 வோல்ற்று

(அ) ஐதான கலவை: வெளியேற்று வாயுவில் ஒட்சிசன் பகுதியமுக்கம் 0.01 வளிமண்டலம் எனின், விகிதம் 21. அதன் இயற்கை மடக்கை 3.04. வோல்ற்றளவு = 0.0215 × 3.04 = 0.07 வோல்ற்று.

(ஆ) செறிந்த கலவை: ஒட்சிசன் ஏறக்குறைய முழுவதும் தீர்ந்து, சமநிலைப் பகுதியமுக்கம் 10 இன் –18 ஆம் அடுக்கு வளிமண்டலம் எனின், மடக்கை 39.9. வோல்ற்றளவு = 0.0215 × 39.9 = 0.86 வோல்ற்று.

கராச்சில் மல்ரிமீற்றர் காட்டும் 0.1 உம் 0.9 உம் இச்சமன்பாட்டிலிருந்து பிறந்த எண்களே. கட்டுப்பாட்டு அலகு 0.45 வோல்ற்றை எல்லையாகக் கொள்ளும். அதற்கு மேல் எனின் எரிபொருளைக் குறைக்கும். கீழ் எனின் கூட்டும். இதனால் நல்ல உணரியின் வோல்ற்றளவு ஓரிடத்தில் நில்லாது மேலும் கீழும் ஊசலாடிக்கொண்டே இருக்கும்.

நினைவிற் கொள்க: உணரி அளப்பது ஒட்சிசனை மட்டுமே, பெற்றோலை அன்று. ஓர் உருளையில் தீப்பொறி தவறினால் எரியாத பெற்றோலுடன் பயன்படாத ஒட்சிசனும் வெளியேறும். உணரி அதனை ‘ஐதான கலவை’ என்றே அறிவிக்கும். அலகோ இன்னும் பெற்றோலை ஊற்றும். பழுது பிளக்கில், பழி உணரிமேல்.

3. வாங்குவதற்கு முன்: உண்மையில் உணரிதான் பழுதா?

தெரிவின் முதற்படி கடைக்குச் செல்வதன்று, சோதித்தலாகும்.

பழைய டொயோட்டா கார்கள் பலவற்றில், சோதனைப் பெட்டியிலுள்ள ‘ரீ.ஈ.1’, ‘ஈ.1’ என்னும் முனைகளைச் சிறு கம்பியால் இணைத்து எரிபற்றல் ஆளியைத் திறந்தால், எஞ்சின் எச்சரிக்கை விளக்கு மினுங்கி இரண்டு இலக்கக் குறியீட்டைத் தரும். 21 எனின் ஒட்சிசன் உணரிச் சுற்று. 25 எனின் கலவை ஐதானது. 26 எனின் கலவை செறிந்தது. இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று. 25 என்பது உணரி பழுது என்பதன்று. உணரி ‘ஐதானது’ எனத் தொடர்ந்து சொல்கின்றது என்பதே அதன் பொருள். சொல்பவர் பொய் சொல்கிறாரா, மெய் சொல்கிறாரா என்பதை நாம்தான் விசாரிக்க வேண்டும்.

சோதனை முறை:

1. உயர் உட்தடை கொண்ட இலக்க மல்ரிமீற்றரைப் பயன்படுத்துக. ஊசி வகை மீற்றர் உணரியிலிருந்து மின்னோட்டத்தை இழுப்பதால் அளவீடு பிழைக்கும்.
2. எஞ்சினை நன்கு சூடேற்றி நிமிடத்துக்கு ஏறத்தாழ 2500 சுழற்சிகளில் வைத்திருக்குக. வோல்ற்றளவு 10 செக்கனில் எட்டுத் தடவையாவது ஊசலாடுதல் நன்று. மெதுவாக அசையும் உணரி முதுமையடைந்தது.
3. எப்போதும் 0.1 ஐ ஒட்டி நின்றால், வளியுள்ளெடுப்பில் சிறிது எரிவாயுவைச் செலுத்திக் கலவையைச் செறிவாக்குக. வோல்ற்றளவு உடனே 0.8 இற்கு மேல் ஏறினால் உணரி நல்லது. வளிக்கசிவு, எரிபொருள் அமுக்கக் குறைவு, பிளக் தவறுதல் ஆகியவற்றைத் தேடுக.
4. எப்போதும் 0.8 இற்கு மேல் நின்றால், வெற்றிடக் குழாய் ஒன்றைக் கழற்றி வளியை உட்புகவிடுக. வோல்ற்றளவு விழுந்தால் உணரி நல்லது.
5. சூடாக்கியுள்ள உணரியெனின் இணைப்பைக் கழற்றி, சூடாக்கிக்குரிய ஒரே நிறக் கம்பிகள் இரண்டுக்குமிடையே தடையை அளக்குக. பொதுவாகச் சில ஓம் முதல் 16 ஓம் அளவில் இருக்கும். முடிவிலி எனின் சூடாக்கி அறுந்தது.
6. சைகைக் கம்பிக்கு ஒருபோதும் ஓம் மீற்றரைத் தொடுக்க வேண்டாம். மீற்றர் செலுத்தும் மின்னோட்டம் மட்பாண்டக் கலத்தைப் பழுதாக்கலாம்.

காங்கேசன்துறை போன்ற கடலோர ஊர்களில் இன்னும் ஒரு சோதனை அவசியம். ஒற்றைக் கம்பி, மூன்று கம்பி உணரிகளுக்குத் தனியான புவிக் கம்பி இல்லை. அவற்றின் மின்சுற்று வெளியகற்றற் குழாயின் உலோகத்தினூடாகவே பூர்த்தியாகின்றது. உப்புக் காற்றினால் குழாய் மூட்டுகளில் துரு ஏறினால் அங்கே தடை கூடும். முழுச் சைகையே 1 வோல்ற்றுக்குக் குறைவு என்பதால் 0.1 வோல்ற்று இழப்பும் அலகை ஏமாற்றப் போதுமானது. உணரியின் உடலுக்கும் பற்றரியின் மறைமுனைக்குமிடையே, எஞ்சின் ஓடும்போது வோல்ற்றளவை அளக்குக. அது பூச்சியத்தை ஒட்டி இருத்தல் வேண்டும்.

துருவினால் உணரிக்கு முன்னுள்ள மூட்டில் துளை விழுந்தாலும் இதே ஏமாற்றம் நிகழும். வாயு அமுக்கம் துடிக்கும்போது வெளிவளி உள்ளே உறிஞ்சப்படும்; உணரி ‘ஐதானது’ என்னும்; அலகு பெற்றோலைக் கூட்டும்.

கழற்றிய உணரியின் நுனி நிறமும் ஒரு சாட்சி ஆகும்.

• கரிய தூசுப் படிவு – செறிந்த கலவை
• கபில நிறப் படிவு – எஞ்சின் எண்ணெய் எரிதல்
• வெண்ணிறப் படிவு – சிலிக்கன் பசை அல்லது குளிராக்கும் திரவம் கலந்தமை

காரணத்தை நீக்காமல் புதிய உணரியை இட்டால் அதுவும் அதே வழியில் போகும். ஈயம் கலந்த பெற்றோலும் பிளாற்றின மின்வாயை நஞ்சூட்டும். இலங்கையில் அது 2002 ஆம் ஆண்டில் கைவிடப்பட்டது.

4. தெரிவு செய்யும் ஒழுங்கு

உணரி பழுது என உறுதியான பின்னரே பின்வரும் படிகளுக்குச் செல்க. வரிசையை மாற்ற வேண்டாம்.

படி 1 – காரின் அடையாளம். ‘கொறோலா’ என்ற பெயர் போதாது. சட்டக இலக்கம், எஞ்சின் குறியீடு, தயாரித்த ஆண்டு ஆகியவற்றை எஞ்சின் அறையிலுள்ள தகட்டிலிருந்து எழுதிக்கொள்க. ஒரே பெயரில் ஜப்பானுக்கும் ஐரோப்பாவுக்கும் வெவ்வேறு உணரிகளுடன் கார்கள் தயாரிக்கப்பட்டன.

படி 2 – இடம். ஊக்கி மாற்றிக்கு முன்னுள்ள உணரி கலவையைக் கட்டுப்படுத்துவது. பின்னுள்ளது மாற்றியைக் கண்காணிப்பது. இரண்டையும் மாற்றிக் கேட்கக் கூடாது.

படி 3 – வகை. மூன்று வகைகள் உண்டு.

• சிர்க்கோனியா வகை: தானே வோல்ற்றளவை உண்டாக்கும்.
• ரைற்றானியா வகை: தடை மாறும், அலகு வழங்கும் வோல்ற்றளவு தேவை. சில நிசான் கார்களில் உண்டு.
• அகன்ற வீச்சு வகை, அதாவது வளி–எரிபொருள் விகித உணரி: மின்னோட்டத்தின் அளவினால் விகிதத்தை அறிவிக்கும்.

ஒரு வகைக்குப் பதிலாக மற்றையதை இட முடியாது. செருகி பொருந்தினாலும், கம்பிகள் நான்கு என எண்ணிக்கை ஒத்தாலும் முடியாது. டொயோட்டா பாக இலக்கங்களில் 89465 எனத் தொடங்குவது ஒட்சிசன் உணரி. 89467 எனத் தொடங்குவது வளி–எரிபொருள் விகித உணரி. கடையில் ஓர் இலக்கத்தைக் கவனித்தால் ஒரு மாத உழைப்பு தப்பும்.

படி 4 – கம்பிகளின் எண்ணிக்கை.

• 1 கம்பி: சைகை மட்டும்
• 2 கம்பி: சைகை, புவி
• 3 கம்பி: சைகை, சூடாக்கிக்கு இரண்டு
• 4 கம்பி: சைகை, புவி, சூடாக்கிக்கு இரண்டு

சூடாக்கி இல்லாத உணரி எஞ்சினுக்கு அருகிலேயே பொருத்தப்படும். வெளியேற்று வாயுவின் வெப்பமே அதனை இயக்கும். சூடாக்கியுள்ள உணரி விரைவில் தொழிற்படத் தொடங்கும்; மந்தகதியிலும் குளிராது.

படி 5 – சூடாக்கியின் தடை. பழைய உணரி 12 ஓம் எனின், 12 வோல்ற்றில் மின்னோட்டம் 1 அம்பியர். அதற்குப் பதில் 3 ஓம் உணரியை இட்டால் மின்னோட்டம் 4 அம்பியர் ஆகும். உருகி எரியலாம், அலகின் உள்ளேயுள்ள ஆளிச் சுற்றும் அழியலாம்.

படி 6 – பொருத்தும் விதம். பெரும்பாலான உணரிகள் 18 மில்லிமீற்றர் விட்டமும் 1.5 மில்லிமீற்றர் புரியிடைத் தூரமும் கொண்ட திருகுபுரி உடையவை. டொயோட்டா கார்கள் சிலவற்றில் இரண்டு போல்ற்றுகளால் பிடிக்கும் தகட்டு வகை உண்டு.

படி 7 – கம்பியின் நீளமும் செருகியும். கம்பி குறுகினால் இழுபடும். நீண்டால் சுடுகுழாயில் பட்டு உருகும்.

படி 8 – தயாரிப்பு. நேரடியாகப் பொருந்தும் உணரி செருகியுடன் வரும். பொதுவகை உணரி செருகியின்றி வரும். பழைய செருகியை வெட்டி இணைத்தல் வேண்டும். இங்கேதான் பெரும் பிழை நிகழ்கின்றது.

டென்சோ உணரியில்: கருப்பு, கருப்பு – சூடாக்கி, நீலம் – சைகை, வெள்ளை – புவி.
பொஷ், என்.ரீ.கே. உணரிகளில்: வெள்ளை, வெள்ளை – சூடாக்கி, கருப்பு – சைகை, சாம்பல் – புவி.

நிறத்தை நிறத்தோடு சேர்த்தால் என்ன நடக்கும்? காரின் சூடாக்கிக் கம்பி கருப்பு. புதிய உணரியின் சைகைக் கம்பியும் கருப்பு. 12 வோல்ற்று நேரே மட்பாண்டக் கலத்துக்குச் செல்லும். ஆகவே நிறத்தைப் பார்க்காமல் தொழிலைப் பார்த்து இணைத்தல் வேண்டும். கம்பிகளை ஈயப்பற்று வைத்து ஒட்டவும் கூடாது. பல உணரிகளில் ஒப்பீட்டு வளி கம்பியிழைகளுக்கிடையிலான இடைவெளியினூடாகவே உள்ளே செல்கின்றது. பற்றாசு அதனை அடைத்துவிடும். நசுக்கி இணைக்கும் உலோக மூட்டுகளையே பயன்படுத்துக.

5. இரு நிகழ்வு ஆய்வுகள்

(விலைகளும் தூரங்களும் கணிப்புக்காக எடுத்துக்கொள்ளப்பட்டவை.)

நிகழ்வு 1: காங்கேசன்துறைத் துறைமுகத்துக்கு அண்மையில் வசிக்கும் ஒருவர் பழைய டொயோட்டா காரை வாடகைக்கு ஓட்டுகிறார். புகையிரத நிலையம், கீரிமலை, தெல்லிப்பழை வைத்தியசாலை ஆகியவையே அவரது வழக்கமான ஓட்டங்கள். லீற்றருக்கு 12 கிலோமீற்றர் ஓடிய கார் 10 ஆகக் குறைந்தது. குறியீடு 25. உணரியை மாற்றும்படி அயலவர் கூறினர். சோதித்தபோது வோல்ற்றளவு 0.1 இல் நின்றது. எரிவாயு செலுத்தியதும் 0.85 இற்கு ஏறியது.

முடிவு: உணரி நல்லது. வெளியகற்றற் பன்முகக் குழாயின் காஸ்கற் அருகே கரிய தடம் காணப்பட்டது. துருப்பிடித்த மூட்டினூடாக வளி நுழைந்துள்ளது. காஸ்கற்றை மாற்றியதும் ஊசலாட்டம் திரும்பியது. வாங்காமல் விடுவதும் ஒரு தெரிவே. அவசரப்பட்டு உணரியை வாங்கியிருந்தால் பணமும் போயிருக்கும், பழுதும் நின்றிருக்கும்.

நிகழ்வு 2: அதே ஊரில் இன்னொருவரின் கார். குறியீடு 21. உணரி நான்கு கம்பிகள் கொண்டது: கருப்பு, கருப்பு, நீலம், வெள்ளை. செருகியில் 12 வோல்ற்று வருகின்றது. சூடாக்கியின் தடை முடிவிலி. வேகமாக ஓடும்போது மட்டும் வோல்ற்றளவு ஊசலாடுகின்றது, மந்தகதியில் அடங்கிவிடுகின்றது. மாதம் 1500 கிலோமீற்றர் ஓட்டம். வருமான அனுமதிப்பத்திரம் புதுப்பிக்கும் நாள் அண்மித்துள்ளது. அதற்குரிய புகைப் பரிசோதனையில் பெற்றோல் கார்களின் காபனோரொட்சைட்டும் ஐதரோக்காபனும் அளக்கப்படும். அவருக்கு மூன்று உணரிகள் காட்டப்பட்டன.

(அ) கழற்றிய காரிலிருந்து எடுத்த நான்கு கம்பி உணரி, செருகி பொருந்துகின்றது, இலக்கம் 89467 எனத் தொடங்குகின்றது, விலை 6000 ரூபா.
(ஆ) செருகியற்ற புதிய பொதுவகை சிர்க்கோனியா உணரி. வெள்ளை, வெள்ளை, கருப்பு, சாம்பல். சூடாக்கித் தடை பொருந்துகின்றது. விலை 9000 ரூபா.
(இ) செருகியுடன் கூடிய புதிய உணரி. இலக்கம் 89465 எனத் தொடங்கி முழுவதும் ஒத்துள்ளது. விலை 22 000 ரூபா.

ஆராய்வு: (அ) வேறு வகையைச் சேர்ந்தது. செருகி பொருந்துவதே இதிலுள்ள ஆபத்து. விலை எவ்வளவு குறைந்தாலும் நீக்குக. (ஆ) தொழினுட்ப அடிப்படையில் ஏற்கத்தக்கது. ஆனால் கம்பிகளைத் தொழில் வாரியாக நசுக்கி இணைத்து, உப்புக் காற்றுப் புகாதபடி மூட்டுகளை உறையிட வல்ல மெக்கானிக் தேவை. உறையிடச் சிலிக்கன் பசையைப் பயன்படுத்தக் கூடாது. (இ) பிழைக்கு இடந்தராதது.

கணிப்பு 3: லீற்றர் விலை 300 ரூபா எனக் கொள்க.

பழுதுடன் மாதச் செலவு: 1500 ÷ 10 = 150 லீற்றர்
சீரான நிலையில்: 1500 ÷ 12 = 125 லீற்றர்
சேமிப்பு: 25 லீற்றர் = 7500 ரூபா
(இ) இன் விலை மீளும் காலம்: 22 000 ÷ 7500 = ஏறத்தாழ 3 மாதம்
(ஆ) இன் விலை மீளும் காலம்: 9000 ÷ 7500 = 1.2 மாதம்

கையில் 22 000 ரூபா இருப்பின் (இ) சிறந்தது. இல்லாதவர் (ஆ) ஐத் தகுந்தவரைக் கொண்டு இணைக்கலாம். (அ) எவருக்கும் உகந்ததன்று. எரிபொருட் குறைவு முழுவதும் உணரியினால் ஏற்பட்டது என்ற எடுகோளின் மீதே இக்கணிப்பு நிற்கின்றது. விடையில் இவ்வெடுகோளைக் குறிப்பிடுபவரே முழுப் புள்ளிக்கு உரியவர்.

பயன்படுத்திய உணரிகளை வாங்குவது பற்றி: கொழும்பு பஞ்சிகாவத்தையிலும் யாழ்ப்பாணத்திலும் கழற்றிய பாகங்கள் கிடைக்கும். கதவு, விளக்கு, கண்ணாடி ஆகியவற்றுக்கு அது நல்ல வழி. உணரியோ தேயும் பாகம். சூடாக்கியற்றவை ஏறத்தாழ 50 000 முதல் 80 000 கிலோமீற்றர் வரையும், சூடாக்கியுள்ளவை 100 000 கிலோமீற்றர் அளவும் உழைக்கும். கழற்றியதில் எவ்வளவு மிச்சம் என்று வெளியிலிருந்து பார்த்துக் கூற எவராலும் முடியாது.

6. பொருத்துதல்

1. எஞ்சின் சற்றுச் சூடாக இருக்கும்போது கழற்றுக. துருப்பிடித்த புரி அப்போதுதான் இளகும். கையுறை அணிக.
2. பிளவுள்ள உணரிச் சாவியைப் பயன்படுத்துக; பெரும்பாலும் 22 மில்லிமீற்றர்.
3. ஒட்டாமைக் களிம்பைப் புரியில் மட்டும் இடுக, நுனியில் படக்கூடாது. புதிய உணரியில் ஏற்கனவே பூசப்பட்டிருந்தால் மேலும் தேவையில்லை.
4. 18 மில்லிமீற்றர் புரிக்கு ஏறத்தாழ 40 நியூற்றன் மீற்றர் முறுக்கம் போதும்.
5. நிலத்தில் விழுந்த உணரியைப் பொருத்த வேண்டாம். மட்பாண்டம் உள்ளே வெடித்திருக்கலாம்.
6. பழைய குறியீட்டை அழித்து, ஓட்டிப் பார்த்து, மீண்டும் ஊசலாட்டத்தை அளக்குக.

அறிந்து கொள்க

காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை 1950 இல் உற்பத்தியைத் தொடங்கி, போர் காரணமாக 1990 இல் நின்றது. சுண்ணக்கல்லைச் சுடும் சுழல் சூளையிலும் வளி–எரிபொருள் விகிதமே முதற் பிரச்சினை. வளி குறைந்தால் எரிபொருள் வீண். கூடினால் வெப்பம் வீண். இன்று உலகின் பல சீமெந்துச் சூளைகளிலும் கொதிகலன்களிலும் புகையின் ஒட்சிசனை அளப்பவை சிர்க்கோனியா உணரிகளே. காரின் புகைக்குழாயில் கற்ற பாடம் தொழிற்சாலைப் புகைக்கூண்டுக்கும் பொருந்தும்.

பயிற்சி வினாக்கள்

1. குளிர்ந்த உணரி சரியான வோல்ற்றளவைத் தராதது ஏன்?
2. பிளக் தவறும் எஞ்சினில் உணரி ‘ஐதானது’ எனக் காட்டுவதை விளக்குக.
3. மூன்று கம்பி உணரி கடலோர ஊரில் பிழையாகக் காட்டக்கூடிய ஒரு காரணத்தையும் அதனை உறுதிப்படுத்தும் சோதனையையும் தருக.
4. உணரிக் கம்பிகளை ஈயப்பற்று வைத்து இணைக்கலாகாது. ஏன்?
5. 1000 கெல்வினில் வெளியேற்று வாயுவின் ஒட்சிசன் பகுதியமுக்கம் 0.021 வளிமண்டலம் எனின் வோல்ற்றளவைக் காண்க. (10 இன் இயற்கை மடக்கை 2.303)
6. மொறிஸ் மைனர் காருக்கு ஒட்சிசன் உணரி வாங்க வந்த ஒருவருக்கு நீர் கூறும் அறிவுரை யாது?

விடைக் குறிப்புகள்

1. ஏறத்தாழ 300 பாகை செல்சியசுக்குக் கீழ் மட்பாண்டத்தில் ஒட்சைட்டு அயன்கள் போதிய அளவு அசைவதில்லை.
2. எரியாமையால் ஒட்சிசன் பயன்படாது வெளியேறும். உணரி ஒட்சிசனை மட்டுமே அளக்கும்.
3. குழாய் மூட்டுகளின் துருவினால் புவித் தொடுப்பில் தடை கூடுதல். உணரி உடலுக்கும் பற்றரியின் மறைமுனைக்குமிடையே வோல்ற்றளவை அளத்தல்.
4. ஒப்பீட்டு வளி செல்லும் பாதை அடைபடும்.
5. விகிதம் 10, 0.0215 × 2.303 = 0.05 வோல்ற்று. கலவை ஐதானது.
6. அது காபுரேற்றர் கொண்ட கார். உணரியோ கட்டுப்பாட்டு அலகோ இல்லை. காபுரேற்றர், பிளக், வளிவடி ஆகியவற்றைச் சீராக்குமாறு கூறுக.

மாணவர்களே, இப்பாடத்தின் சாரம் மூன்று சொற்களில் அடங்கும்: சோதி, ஒப்பிடு, வாங்கு. வரிசை மாறினால் செலவு இரட்டிக்கும். வீட்டில் பழைய கார் இருப்பின், அடுத்த விடுமுறையில் பெரியவர் ஒருவரின் துணையுடன் உணரி இருக்கும் இடத்தையும் கம்பிகளின் எண்ணிக்கையையும் நிறத்தையும் பார்த்துக் குறிப்பேட்டில் எழுதுங்கள். பரீட்சைக்கு மட்டுமன்றி, கடைவாசலில் நிற்கும் அன்றைக்கும் அக்குறிப்பு உதவும்.